ராக்காயி வீட்டுப் பால்

ஃபிரிட்ஜ் வருவதற்கு முன்னால் ராக்காயி வீட்டில் பால் கெட்டதே இல்லை. நீங்கள் கேட்க வேண்டாம், அவளே சொல்வாள். கறப்பாள், காய்ச்சுவாள், தட்டைப் போட்டு மூடுவாள். பொழுது சாய்ந்ததும் மறுபடி ஒரு கொதி. அதற்கு மேல் பாலுக்கு என்ன மரியாதை செய்ய வேண்டியிருக்கிறது? றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே மலைச்சரிவில் அவர்கள் லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு. அந்தக் குளிரில் பால் தன் பாட்டுக்குக் கிடந்தது. பிறகு மூத்த மகன் நிரஞ்சன் கொழும்பிலிருந்து தீபாவளிக்கு வரும்போது லொறியில் ஒரு ஃபிரிட்ஜை ஏற்றிக்கொண்டு வந்தான். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

"பொட்டி வந்த நாள்லேருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் பால் கெடுது. பால கெடுக்கிறதுக்குன்னே ஒரு மெசினு, அதுக்கு ஒரு லேஸ் துணி, மேல ஒரு பூச்சாடி," என்று அவள் லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

ராக்காயிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது அபாண்டம். அவளுக்குக் கோபம் உடம்பு முழுக்க இருந்தது. காலமெல்லாம் கொழுந்து பறித்தவள். கங்காணியோடு சண்டை, கொழுந்து நிறுக்கிறவரோடு சண்டை, அட்டையோடு சண்டை, மழையோடு சண்டை. ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு செவலை மாட்டையும் அதன் கன்றையும் தவிர ஏசுவதற்கு ஆளில்லாமல் போயிற்று. மாடு திருப்பிப் பேசாது, அதில் என்ன ருசி இருக்கிறது?

அவள் கணவர் சிவசாமியும் திருப்பிப் பேசமாட்டார். தேயிலை ஃபெக்டரியில் ராத்திரி வாச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு வார்த்தை பேசினால் அன்றைக்குப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பால் திரிந்த காலைகளில் அவள் அடுப்படியில் நின்று கத்துவாள். அவர் பால் இல்லாத பிளேன்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மலையைப் பார்த்துக் குடிப்பார்.

முதலில் அவள் சந்தேகப்பட்டது பக்கத்து வீட்டுப் பவுலினை. அந்த வரிசையில் வேறு யாரிடமும் ஃபிரிட்ஜ் இல்லாததால் ராக்காயி வீட்டு ஃபிரிட்ஜ் பொதுச் சொத்தாகிவிட்டிருந்தது. ஒருத்தியின் ஐஸ்கிரீம், இன்னொருத்தியின் மாவு, கோயில் மாலை, பவுலினின் வெள்ளிக்கிழமை மீன். பவுலின் நல்ல மனுஷி. ஆனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டுதான் அவளுக்குக் கதை வரும். மாதா கோயில் கதை, பள்ளிக்கூடத்துக் கதை, நாத்தனார் கதை எல்லாம் முடிந்த பிறகுதான் மீனை எடுப்பாள். காலையில் பார்த்தால் ஃபிரிட்ஜின் கீழே தண்ணீர் தேங்கிக் கிடக்கும்.

"ஒம் மீனுதான் ஒழுகுது பவுலினு. மீன் தண்ணி பட்டா பால் நிக்குமா?" என்றாள் ராக்காயி.

"என் மீன் டப்பாக்குள்ள இருக்கு அக்கா. டப்பா எப்பிடி ஒழுகும்?"

"அப்ப நான் பொய் சொல்றனா?"

பவுலின் டப்பாவை எடுத்துக்கொண்டு போனவள்தான், அப்புறம் பேச்சுவார்த்தை இல்லை. மீன் போனது. தண்ணீர் மட்டும் காலையில் அதே இடத்தில் தேங்கியது. அதைப் பார்த்ததும் ராக்காயிக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. தப்பு பண்ணாதவளை ஏசிவிட்டோம் என்று தெரிந்தால் அவளுக்கு வருகிற ஆத்திரமே தனி.

இதெல்லாம் வெறும் பால் சமாச்சாரமாக இருந்திருந்தால் ஏசித் தீர்த்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் தைப்பொங்கலன்று நடந்தது அப்படிப்பட்டதல்ல.

அன்றைக்கு மகள் கிருஷாந்தியும் மருமகன் அழகனும் வந்திருந்தார்கள். அழகனின் தாய் காளியாயியும் கூட வந்திருந்தாள். கிருஷாந்தி அப்போது முழுகாமல் இருந்தாள். பிள்ளைத்தாச்சிப் பெண் கையால் பொங்கட்டும் என்ற ஆசையில், முதல்நாள் சாயங்காலம் கறந்து ஃபிரிட்ஜில் வைத்திருந்த பாலை ராக்காயி மகளிடம் கொடுத்துப் பானையில் ஊற்றச் சொன்னாள். பால் சூடேறியது. பொங்க வேண்டிய நேரத்தில் திட்டுத்திட்டாகத் திரிந்து, தண்ணீர் வேறு கட்டி வேறாக நின்றது. காளியாயி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ராக்காயி பதிலுக்கு நாலு கொடுத்திருப்பாள். அந்த அம்மா பானையைப் பார்த்தாள், பிறகு மருமகளின் கையைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

மாசியில் கிருஷாந்தியின் வயிற்றில் இருந்தது தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இது பல பேருக்கு நடக்கிறதுதான், பயப்பட வேண்டாம் என்று சொன்னார்கள். காளியாயி வேறு சொன்னாள். "பொங்கலன்னிக்கே பானை சொல்லிருச்சு," என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அழகனுக்குத் தோட்டத்தின் மேற்பிரிவில் தனிவீடு கிடைத்தது. லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்த கிருஷாந்திக்கு நாலு பக்கமும் சுவர் தனக்கே சொந்தமான வீடு. வைகாசியில் பால் காய்ச்சிக் குடிபோவதென்று நாள் பார்த்தார்கள். விடிவதற்கு முந்திய முகூர்த்தம். பெண்ணின் தாய்வீட்டுப் பால் போக வேண்டும், அதுவும் பச்சைப்பால். ஏற்கெனவே காய்ச்சியதைத் திரும்பச் சுட வைத்தால் அது பால்காய்ச்சு ஆகாது. வீட்டுக்குரிய பெண்தான் அதை அடுப்பில் ஏற்ற வேண்டும். இதெல்லாம் ஊரறிந்த முறை.

நாள் குறித்த மறுநாள் கிருஷாந்தி ஃபோன் பண்ணினாள்.

"அம்மா, பாலை பெரியக்கா ஏத்தட்டும்னு மாமி சொல்றாங்க. நான் பக்கத்துல நின்னா போதுமாம்." பெரியக்கா என்றது காளியாயியின் மூத்த மருமகளை.

"ஒன் வீட்டுல அவ எதுக்கு ஏத்தணும்?"

"மாமி சொல்றதுலயும் என்னாம்மா தப்பு இருக்கு? நானே இப்ப இங்க பால் சட்டிய தொடுறதில்ல. தேத்தண்ணி எல்லாம் பெரியக்காதான் ஊத்துது."

காளியாயி சொல்வது ஒரு பக்கம். இந்தப் பெண்ணே அதை நம்பிக்கொண்டு, எத்தனையோ நாளாகப் பால் சட்டியிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டு அந்த வீட்டில் நடமாடியிருக்கிறது. இந்தத் தடவையும் பால் திரிந்தால் ஆயுசுக்கும் அவள் கையை அவளே நம்பமாட்டாள்.

"நீதான் ஏத்துற. பால நான் கொண்டாறேன்," என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

சொல்லிவிட்டாள். எப்படிக் கொண்டுபோவது? செவலை விடியாமல் மடி விடாது. தோட்டத்துப் பெரிய துரையே வந்து கேட்டாலும் விடாது. கடைப் பாக்கெட்டைக் கொண்டுபோய்க் காளியாயி முன்னால் நீட்டுவதா? அதற்குப் பேசாமல் செத்துப்போகலாம். சாயங்காலம் கறந்த பச்சைப்பால் ராத்திரி முழுக்கக் கெடாமல் நிற்க வேண்டும். அதற்கு இருப்பது அந்தப் பெட்டி ஒன்றுதான். எதிரியின் காலில் விழுந்த கதை.

அடுத்த நாள் காலை, முந்திய சாயங்காலத்துப் பாலையும் காலைப் பாலையும் எடுத்துக்கொண்டு பால் சேர்க்கிற இடத்துக்குப் போனாள். அங்கே பால் பார்த்து எடுக்கிறவன் மைக்கல். நடுவயது, பொறுமைசாலி. சாயங்காலப் பாலைச் சோதித்துப் பார்த்துவிட்டு வழக்கம்போல் உதட்டைப் பிதுக்கினான்.

"இது சேராது அக்கா. புளிப்பு ஏறிருச்சு."

"ஏன் ஏறுதுன்னு இன்னைக்கு எனக்கு சொல்லணும். வீட்டுக்கு வா. வந்து பாத்துட்டு அப்புறம் திருப்பி அனுப்பு."

மைக்கல் வேலை முடித்து வந்தான். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து குனிந்து உள்ளே பார்த்தான். கதவுத் தட்டில் பெரிய சோடா போத்தலில் பால் இருந்தது.

"கறந்த சூட்டோடயா வக்கிறீங்க?"

"குளிர வக்கத்தானே பொட்டி இருக்கு."

"வைக்கும், ஆனா மெதுவா. கறந்த பால்ல மாட்டோட சூடு இருக்கும்ல. அது ஆறுறதுக்குள்ள கிருமி பெருகிரும். மொதல்ல பால் பாத்திரத்த பச்சத்தண்ணியில எறக்கி வச்சு, கலக்கிவிட்டு ஆறவைங்க. அதுக்கப்புறம் உள்ள வைங்க." அவன் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "இதுல நேத்து மிச்சம் இருந்திச்சா?"

"கொஞ்சூண்டு. அதோட ஊத்திட்டேன்."

"தயிருக்கு உறை ஊத்துறது எப்பிடி? இப்பிடித்தான் அக்கா."

ராக்காயிக்கு முகம் சிவந்தது. தயிர் உறை ஊற்றுவது எப்படி என்று இவன் சொல்லித்தான் தனக்குத் தெரிய வேண்டுமா? தெரிந்திருந்தும் இத்தனை நாள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம் என்பதுதான் இன்னும் எரிச்சல். முன்னெல்லாம் காய்ச்சிக்கொண்டிருந்தாள், ஃபிரிட்ஜ் வந்ததும் அதுதான் பார்த்துக்கொள்ளுமே என்று காய்ச்சுவதையும் விட்டுவிட்டாள்.

"ஃபிரிட்ஜு கெட்டத நல்லதாக்காது அக்கா. நல்லத கொஞ்ச நாளைக்கு நல்லதா வச்சிருக்கும், அவ்வளவுதான்," என்றான் மைக்கல். போத்தலின் கழுத்துக்குள் கை போகாது, அதனால் அழுக்கும் போகாது என்றான். மூடியுள்ள எவர்சில்வர் வாளியைக் கொதிதண்ணீர் ஊற்றி அலசிக் காயவைக்கச் சொன்னான். கதவுத் தட்டு வேண்டாம், திறக்கிற நேரமெல்லாம் அங்கேதான் முதலில் சூடு அடிக்கும், உள்தட்டில் பின்பக்கம் வைக்க வேண்டும் என்றான். குளிர் கூட்டுகிற திருகைப் பார்த்தான். அது ஒன்றில் நின்றது.

"ஒன்னுல வச்சிருக்கீங்களே."

"இந்தக் குளிருக்கு ஒன்னு போதாதா? வெளிய எனக்கே நடுங்குது."

"ஒங்களுக்கு நடுங்குது. கிருமிக்கு இது நல்ல சொகமான ஊரு அக்கா."

போகும்போது அவன் தன்னிடமிருந்த ஒரு தெர்மாமீட்டரைக் கொடுத்தான். ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு உள்ளே வைக்க வேண்டும். நாலு காட்டினால் நல்லது, ஐந்துக்கு மேல் ஏறினால் ஆகாது.

ராக்காயி எல்லாவற்றையும் செய்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். ஐஸ்கிரீமும் மாவும் மாலையும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போயின. வாளி பளபளவென்று ஆயிற்று. பாலைத் தண்ணீரில் வைத்து ஆற்றினாள், பின்பக்கம் வைத்தாள், திருகை ஏற்றினாள். படுக்கப்போகும்போது தெர்மாமீட்டர் அழகாக நாலு காட்டியது. காலையில் பத்துக்குப் பக்கத்தில் நின்றது. கீழே தண்ணீர். பாலில் லேசான புளிப்பு வாடை.

அன்றைக்கு அவள் ஏசிய ஏச்சில் செவலையே மிரண்டது. நிரஞ்சனுக்கு ஃபோன் பண்ணி, யாரோ பாவித்துக் கழித்த ஃபிரிட்ஜைத்தானே பெற்ற தாயின் தலையில் கட்டினாய் என்று கேட்டாள். புதுப் பெட்டியம்மா, புத்தம் புதுசு என்று அவன் சத்தியம் பண்ணினான். மைக்கலின் தெர்மாமீட்டரைப் பழித்தாள். மின்சாரத்தைப் பழித்தாள். சிவசாமி பிளேன்டியோடு வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை.

பால்காய்ச்சுக்கு ஒரு வாரம் இருந்தது. ராக்காயிக்கு முழங்கால் வலி, அதனால் எப்போதும் முதலில் படுத்துவிடுவாள். அன்றைக்குத் தைலப் போத்தலைத் தேடி அடுப்படிக்குள் இருட்டில் தடவிக்கொண்டிருந்தாள். முன்னறையில் சிவசாமி படுக்கைக்கு முன் வீட்டைச் சுற்றிவந்தார். ஃபெக்டரியில் சுற்றிவந்த பழக்கம் அவரை விடவில்லை. முன்கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். ரேடியோ பிளக்கைப் பிடுங்கினார். டிவி பிளக்கைப் பிடுங்கினார். பிறகு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டார். டக்கென்று ஒரு சத்தம். ஃபிரிட்ஜின் உடம்பில் உள்ளங்கையை வைத்து, மோட்டர் சூடு இறங்குகிறதா என்று பார்ப்பதுபோல் கொஞ்சம் நின்றார்.

"என்னா பண்ணீங்க இப்ப?"

அவர் திரும்பினார். "ஆஃப் பண்ணேன்."

"எத?"

"மெசின."

"தெனமுமா?"

"தெனமும்தான். வெள்ளன எந்திரிச்சு போட்டுர்றேன்ல."

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாதக்கணக்காக ராத்திரிகளில் அந்த ஃபிரிட்ஜின் உறுமல் நின்றுபோனது இந்த மழைச் சத்தத்தில்தான் அவளுக்குத் தெரியாமல் போயிற்று. ராக்காயிக்கு வார்த்தை வராமல் போனது அவள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அவர் தன் நியாயத்தைச் சொன்னார். "ராத்திரி யாரு தொறக்கப் போறா? வெளியவே ஐஸ் மாதிரி இருக்கு, உள்ள என்னா கெடப்போகுது. ஆளு தூங்குறப்ப மெசின் ஓடக்கூடாது ராக்காயி. அன்னைக்கு மோட்டர் பொகைஞ்சப்ப நான் பாக்கலைன்னா மேல்மாடி பூரா எரிஞ்சிருக்கும்." ஃபெக்டரி மோட்டர் புகைந்த அந்தக் கதையை அவர் வருசத்துக்கு ஒரு தடவை சொல்வார். அவருடைய நீளமான கதை அது ஒன்றுதான்.

"பொங்கலுக்கு மொதநாளும் ஆஃப் பண்ணீங்களா?"

பொங்கல் பானை, திரிந்த பால், காளியாயியின் பார்வை, மகளின் கை எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போவதை ராக்காயி பார்த்தாள். அவர் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இத்தன மாசமா நான் மாட்ட ஏசுறேன், மீன ஏசுறேன், பெத்த புள்ளய ஏசுறேன். நீங்க வாசல்ல நின்னு மலைய பாக்குறீங்க. ஒரு வார்த்த சொன்னா வாயில உள்ள முத்தா கொட்டிரும்?"

"இதுனாலதான்னு எனக்கு தெரியாதே."

"அந்தப் பொண்ணு பால் சட்டியவே தொடுறதில்லையாம். தெரியுமா ஒங்களுக்கு?"

அவருக்குத் தெரியாது. எழுந்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டு சுவிட்சைப் போட்டார். "யாருகிட்டயும் சொல்லிறாத. ஃபெக்டரி ஆளுங்க சிரிப்பானுங்க," என்றார்.

"நான் எதுக்கு சொல்றேன்? இந்த மனுசனுக்குத்தான் கழுத்த நீட்டுனேன்னு பறையடிச்சா என் மானமும்தான் போகும்."

மறுநாள் காலை தெர்மாமீட்டர் நாலில் நின்றது. தரையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சாயங்காலப் பாலை மைக்கல் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்காமல் பெரிய கேனில் ஊற்றினான். அதற்கு அடுத்த நாளும் ஊற்றினான். ராக்காயி பவுலின் வீட்டு வாசலில் போய் நின்று, "மீன கொண்டாந்து வை. மூடி போட்டு கீழ்த்தட்டுல வை. கதைய மட்டும் கதவ சாத்திட்டு பேசு," என்றாள். அவளைப் பொறுத்தவரை அதுதான் மன்னிப்பு. பவுலினுக்கும் அது தெரியும்.

ஆனால் சிவசாமிக்குத் தூக்கம் போய்விட்டது. மெஷின் ஓடுகிற வீட்டில் அவருக்குக் கண் மூடவில்லை. புரண்டு புரண்டு படுத்தார். பழக்கதோஷத்தில் கை போய்விடப் போகிறதே என்று ராக்காயி அந்த சுவிட்சின் மேல் டேப்பைச் சுற்றி ஒட்டினாள்.

பால்காய்ச்சுக்கு முதல்நாள் சாயங்காலம் செவலையைக் கறந்தாள். ஆற்றினாள், மூடினாள், பின்பக்கம் தள்ளி வைத்தாள். யாரும் திறந்துவிடாதபடி பழைய சேலைக் கிழிசலால் ஃபிரிட்ஜைச் சுற்றிக் கட்டினாள். விடியுமுன் எழுந்து வந்தபோது ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்து ஸ்டூலில் குரங்குத் தொப்பியும் கம்பளியுமாகச் சிவசாமி உட்கார்ந்திருந்தார். படுத்த மாதிரியே தெரியவில்லை.

"ராத்திரி பூரா ஓடிச்சு. நிக்கல," என்றார், காலையில் வேலைக்கு வருகிறவனிடம் பொறுப்பை ஒப்படைக்கிற மாதிரி.

பவுலின் மீன் வாங்கக் கொண்டுபோகிற, குளிர் தாங்கும் ரெஜிஃபோம் பெட்டியைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்திருந்தாள். அதில் ஐஸ் நிரப்பி, நடுவில் பால் வாளியை இறக்கி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, சிவசாமியோடு ராக்காயி மேற்பிரிவுக்குப் போனாள். ஒவ்வொரு குழியிலும் ஓட்டோக்காரனுக்கு ஏச்சு விழுந்தது.

புது வீட்டு முன்னறையில் மூன்று செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டியிருந்தார்கள். மேற்பிரிவு சனம் பாதி அங்கே இருந்தது. காளியாயி கிழக்குப் பக்கமாக நின்றாள், பக்கத்தில் மூத்த மருமகள் பட்டுச்சேலையில் தயாராக. ராக்காயி யாரையும் பார்க்காமல் நேரே போய் வாளியை மகளின் கையில் கொடுத்தாள்.

"சம்மந்தி," என்றாள் காளியாயி. குரல் என்னவோ மெதுவாகத்தான் இருந்தது. "தப்பா நெனைக்காதீங்க. பால் விசயம் வெளையாட்டு இல்ல. பொங்கலன்னிக்கு பாத்தோம்ல. புள்ள விசயத்துலயும் பாத்தோம். பெரியவ கையால ஊத்தட்டும்."

ராக்காயி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கிருஷாந்தி வாளியைப் பெரியக்காவின் பக்கமாக நீட்டினாள். தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

அதைப் பார்த்ததும் ராக்காயிக்கு எதுவும் நிற்கவில்லை, கொடுத்த வாக்கு உட்பட.

"பொங்கல் பால கெடுத்தது இவ கையில்ல. இந்தா நிக்கிறாரே, இந்த மனுசன் கை. தெனம் ராத்திரி ஃபிரிட்ஜ ஆஃப் பண்ணிட்டு தூங்கியிருக்காரு. குளிருதாம், அதுனால கெடாதாம். காலையில எனக்கு முன்ன எந்திரிச்சு போட்டு வச்சிருக்காரு. நானும் ஒரு கூறுகெட்டவ, கறந்த சூட்டோட கொண்டுபோய் பழைய பால் மேல ஊத்தியிருக்கேன். அந்தப் பால எவ ஊத்தியிருந்தாலும் திரிஞ்சிருக்கும். நீங்க ஊத்தியிருந்தாலும் திரிஞ்சிருக்கும் சம்மந்தி. ஆஸ்பத்திரியில சொன்னது ஆஸ்பத்திரி விசயம். அதையும் இதையும் முடிச்சு போட்டு எம் புள்ள தலையில வச்சிட்டீங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஃபெக்டரி ஆட்களும் இருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். சிவசாமி கூட்டத்தில் பேசியதே கிடையாது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"ஆமா சம்மந்தி. பொங்கலுக்கு மொதநாளும் நாந்தான் ஆஃப் பண்ணேன்," என்றார்.

காளியாயி அவரைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். கிருஷாந்திதான் பேசினாள். நீட்டிய வாளி நீட்டியபடியே இருந்தது.

"அப்ப என் கையில ஒன்னும் இல்லையாம்மா?"

சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள். அழுகை வந்தால் இன்னும் ஆத்திரம்தான் வரும் ராக்காயிக்கு.

"ஒங் கையில என்னாடி இருக்கு, அஞ்சு வெரல் இருக்கு. நேரம் போகுது, ஊத்து."

கிருஷாந்தி ஊற்றினாள். அடுப்பில் கொஞ்சம் சிந்தியது. எல்லோரும் பானையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராக்காயி மட்டும் மகளின் முகத்தைப் பார்த்தாள். பால் அசையாமல் கிடந்தது. ஓரத்தில் நுரை கட்டியது. மெல்ல ஏறி, வழவழவென்று முழுசாக எழும்பி, கிழக்குப் பக்கமாக வழிந்து நெருப்பில் சீறியது. குலவை போட்டார்கள். சிவசாமி சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நிமிடமே குறட்டை கேட்டது.

கிருஷாந்தி சீனி போட்டுக் கலக்கி, முதல் டம்ளரைக் காளியாயியிடம் நீட்டினாள். காளியாயி வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள், பிறகு முழுவதையும் குடித்தாள். சீனி கூடிப்போச்சு என்று ராக்காயி சொன்னாள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. சனம் டம்ளரும் கையுமாக அடுப்பைச் சுற்றி நெருங்கியது. பெரியக்கா உதவிக்கு வந்து கரண்டியைக் கேட்டாள்.

கிருஷாந்தி கொடுக்கவில்லை.